பழைய பாத்திரமும் நாற்பது பக்க நோட்டும்

(கணக்குப்பதிவியல் ஆசிரியை)

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். அனுமன் நதிப் பாசனத்திலே பிறந்து வளர்ந்த அச்சன்புதூர்ப் பெண்களுக்கு ஆற்றைப் பற்றி எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அளப்பதைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதிலும், கைப்பேசியைக் கையிலே வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தபடியே வியாபாரம் செய்யப் புறப்பட்டிருக்கும் நம் பெண்களுக்கு அதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த வியாபாரம் என்று கேட்பீர்கள். பழைய பொருள் வியாபாரந்தான். பரணிலே கிடக்கும் வெண்கல உருளி, ஈயச் சொம்பு, ஊறுகாய் ஜாடி, பாக்குவெட்டி, பாட்டியின் கண்டாங்கிச் சேலை, கைப்பிடி சுற்றும் தையல் இயந்திரம், தாத்தாவின் பெட்டியிலுள்ள தபால் உறைகள் ஆகியவற்றை விலைக்கு வாங்கி, துடைத்துப் படம் பிடித்து, இணையத்திலே போட்டால் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது நாடெங்கும் இளம் பெண்கள் பலர் இன்ஸ்டாகிராமிலே இத்தகைய கடைகளைத் திறந்தார்கள். கடைக்கு வாடகை இல்லை, பெயர்ப்பலகை இல்லை, இரவு பத்து மணிக்கும் விற்கலாம். நம் ஊர்ப் பக்கமும் அந்தக் காற்று வீசியிருக்கிறது.

“படித்த பெண்ணுக்குப் பழைய பாத்திரக்காரர் பிழைப்பா?” என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்தக் கருத்து இல்லை. பயன்பட்ட பொருளை வீணாக்காமல் இன்னொருவர் வீட்டுக்கு அனுப்புவது நல்ல தொழிலே. பேரீச்சம்பழத்துக்குப் பித்தளை போட்ட நாளிலிருந்து நாம் அறிந்த தொழிலுங்கூட. சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாகும் வரை எத்தனை ஏழை மாணவர்களுக்கு அங்கே பழைய புத்தகங்கள் கிடைத்தன! ஆகவே தொழிலைப் பற்றி எனக்குக் குறையில்லை. கணக்கு எழுதாமல் தொழில் செய்கிறார்களே என்பதுதான் என் குறை. அந்தக் கணக்கிலும், எல்லாரும் கடைசிப் பத்தியையே பார்க்கிறார்கள். முதற் பத்தியை வெற்றாக விட்டுவிடுகிறார்கள். இதைச் சொல்லவே இக்கட்டுரை.

நம் பள்ளியிலே வணிகவியல் பிரிவிற் படித்துச் சென்ற ஒரு பெண், இப்போது அஞ்சல்வழியாகப் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டே இந்த வியாபாரத்தைச் செய்கிறாள். சென்ற ஆண்டு என்னைப் பார்க்க வந்தவள், “டீச்சர், மூணு மாசத்துல பதினெட்டாயிரத்துக்கு மேல வித்திருக்கேன்” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. “இலாபம் எவ்வளவு?” என்றேன். “பாதியாவது இருக்கும் டீச்சர்.” “கையிலே எவ்வளவு இருக்கிறது?” என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. அவளுக்கே அது புதிராக இருந்ததாம். விற்கிறது, பணம் வருகிறது. கேட்டால் கையிலே ஒன்றுமில்லை. வீட்டிலே யாராவது எடுத்துவிட்டார்களோ என்றுகூட ஐயப்பட்டிருக்கிறாள்.

அன்று மாலை நானும் அவளும் உட்கார்ந்து, அவளுடைய கைப்பேசியிலுள்ள செய்திகளையும் பணம் வந்த குறிப்புகளையும் பார்சல் சீட்டுகளையும் தேடித் தேடி, ஒரு நாற்பது பக்க நோட்டிலே கணக்கை எழுதினோம். மணி ஏழாயிற்று. அவளுடைய அனுமதியோடு அந்தக் கணக்கை இங்கே தருகிறேன். பாடப்புத்தகத்துக் கணக்கைவிட இது உங்கள் மனத்திலே நிற்கும்.

விற்ற பொருள்கள் 23. விற்பனைத் தொகை ரூ. 18,650. மூன்று மாதத்தில் வாங்கிய சரக்கு முழுவதற்கும் கொடுத்தது ரூ. 11,200. ஆனால் இதிலே ரூ. 4,100-க்கு வாங்கிய 14 பொருள்கள் இன்னும் விற்காமல் கட்டிலுக்கடியிலே இருந்தன. இறுதிச் சரக்கிருப்பு என்று பதினோராம் வகுப்பிலே படித்தோமே, அது இதுதான். ஆகவே விற்ற பொருள்களின் அடக்கவிலை ரூ. 7,100, மொத்த இலாபம் ரூ. 11,550. இதுவரை பார்த்தால் அவள் சொன்னது சரியே. பாதிக்கும் மேலேயே இருக்கிறது.

இனித்தான் செலவு வருகிறது. பார்சல் கட்டணம் 3,480. அட்டைப்பெட்டி, வைக்கோல், பசைநாடா முதலியவற்றுக்கு 960. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் போய் வந்த பஸ், ஆட்டோச் செலவு 1,340. ஈயம் பூசியது, ஒட்டுப் போட்டது, புளி வாங்கித் தேய்த்தது 720. வழியிலே உடைந்துபோன ஒரு பீங்கான் தட்டுக்காக வாங்கினவருக்குத் திருப்பிக் கொடுத்தது 850. கூட்டினால் ரூ. 7,350. நிகர இலாபம் ரூ. 4,200 மட்டுமே.

சரி, அந்த 4,200 எங்கே? வந்த பணம் 18,650. சரக்குக்கும் செலவுக்குமாகப் போன பணம் 18,550. மீதி நூறு ரூபாய். மற்ற 4,100 ரூபாயும் கட்டிலுக்கடியிலே தோசைக்கல்லாகவும் தூக்குச்சட்டியாகவும் உட்கார்ந்திருந்தது! வீட்டிலே எவரும் எடுக்கவில்லை. இலாபம் வேறு, கைரொக்கம் வேறு என்று வகுப்பிலே நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன். அந்தத் தூக்குச்சட்டி ஒரே நாளிலே சொல்லிக்கொடுத்துவிட்டது.

அவளுடைய தாயார் பீடி சுற்றுபவர். மகள் முகம் வாடியதைக் கேள்விப்பட்டு அவர் சிரித்தாராம். அவருக்குக் கணக்கு எழுத்துக்கூட்டித் தெரிய வேண்டியதில்லை. எடைபோட்டுக் கொடுத்த இலை எவ்வளவு, தூள் எவ்வளவு, சுற்றிக் கொடுத்தது எத்தனை, கழித்துப் போட்டது எத்தனை என்று நாள்தோறும் எண்ணியே பழகியவர். நம் பக்கத்துப் பெண்கள் கணக்குத் தெரியாதவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது. 1989-இல் தருமபுரி மாவட்டத்திலே அரசு தொடங்கிய மகளிர் திட்டம் தமிழகமெங்கும் பரவிய பின்னர், எழுதப் படிக்கத் திணறிய அம்மாக்கள்கூடச் சுய உதவிக் குழுவின் சேமிப்பையும் கடனையும் வட்டியையும் பேரேட்டிலே பதிகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பிலே கணக்குப்பதிவியல் எடுத்து நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பெண்தான் சொந்த வியாபாரத்துக்கு ஒரு வரி எழுதவில்லை. இதிலே என் குற்றமும் உண்டு என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

மொத்தக் கணக்கு போட்டதோடு நாங்கள் நிறுத்தவில்லை. பழைய பொருள் வியாபாரத்திலே மொத்தக் கணக்கு பாதி உண்மையைத்தான் சொல்லும். சோப்புக் கடைக்காரருக்கு நூறு சோப்பும் ஒரே சோப்பு. பழைய பொருளிலே ஒவ்வொன்றும் தனி. இன்று விற்ற ஜாடியைப் போல இன்னொன்று நாளை வராது. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து, நூலிலே அட்டைத்துண்டு கட்டி, நோட்டிலே அந்த எண்ணுக்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும். வாங்கிய நாள், வாங்கிய இடம், கொடுத்த விலை, அதற்கென்று ஆன செலவு, விற்ற நாள், வந்த தொகை, பார்சல், மீதி என்று அந்த வரி ஓட வேண்டும். அப்படி எழுதியபோதுதான் வேடிக்கை தெரிந்தது.

இரும்புத் தோசைக்கல் ஒன்றை 350-க்கு வாங்கி 700-க்கு விற்றிருந்தாள். இரட்டிப்பு என்று மகிழ்ந்திருக்கிறாள். பார்சலுக்கு 290, கட்டுவதற்கு 60. மீதி பூச்சியம். அந்தக் கல்லைத் துரு நீக்க அவள் இரண்டு நாள் தேய்த்திருக்கிறாள்! செங்கோட்டையிலே ஒரு பழைய வீட்டிலிருந்து 100 ரூபாய்க்கு வாங்கிய நாலைந்து திருவிதாங்கூர் அஞ்சல் உறைகளோ 650-க்குப் போயின, தபாலுக்கும் கட்டுவதற்கும் 70, மீதி 480. செங்கோட்டை 1956 நவம்பர் முதல் தேதி வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த சமஸ்தானத்துக்கு அஞ்சல் என்ற பெயரிலே தனித் தபால்துறை இருந்தது. 1951-இல்தான் அது இந்தியத் தபால்துறையோடு சேர்ந்தது. சக்கரமும் காசும் அச்சிட்ட அந்தத் தலைகளைத் தேடி வாங்குவோர் இன்றும் உண்டு. (தலையை நீரிலே ஊறவைத்து உறையிலிருந்து பிரித்துவிடாதீர்கள், உறையோடும் முத்திரையோடும் இருந்தால்தான் மதிப்பு. அதுபோலவே பழைய காசைப் புளி போட்டுத் தேய்ப்பதும் கூடாது. பித்தளைக்கு ஏற்றது காசுக்கு ஏலாது.)

கனமான பொருள் விற்பனைத் தொகையைப் பெருக்கிக் காட்டும். இலேசான பொருளே இலாபம் தரும். இதை அவள் மூன்று மாதமாகச் செய்தும் அறியவில்லை. ஒரு மணி நேரம் எழுதி அறிந்தாள். ஆனால் எடை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். தனியார் கூரியர்காரர் பெரிய பெட்டியாயிருந்தால் எடையை விட்டுவிட்டு அளவுக்குப் பணம் கேட்பார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரிலே பெருக்கி 5,000-ஆல் வகுப்பது வழக்கமான முறை. ஒரு கிலோகூட இல்லாத பனையோலைப் பெட்டி ஒன்றை 40-க்கு 40-க்கு 30 அளவுள்ள அட்டைப்பெட்டியிலே வைத்து அனுப்பினால், அது 9.6 கிலோவாகக் கணக்காகிவிடும்! ஓலைப்பெட்டி விற்க விரும்புகிறவள் முதலிலே இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொன்றும் கேட்டேன். நாளுக்கு எத்தனை மணி நேரம் இதிலே செலவிடுகிறாய் என்று. இரண்டு மணி என்றாள். மாதம் 1,400 ரூபாயை அறுபது மணியால் வகுத்தால் மணிக்கு 23 ரூபாய். இந்த எண்ணைப் பார்த்து அவள் தொழிலை விட்டுவிடவில்லை. எதை வாங்குவது, எதை விடுவது என்று தெரிந்துகொண்டாள்.

“எல்லாம் போனிலேயே இருக்கிறதே, நோட்டு எதற்கு?” என்பது நான் அடிக்கடி கேட்கும் கேள்வி. போனிலே இருப்பது விற்பனை. வாங்கியதும் செலவானதும் போனிலே இல்லை. ஆட்டோக்காரரிடம் கொடுத்த நாற்பது ரூபாயை எந்தக் கைப்பேசி எழுதிவைக்கும்? மேலும், வியாபாரப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே வங்கிக் கணக்கிலே விழுவதால், உறை விற்ற பணத்திலே கேஸ் சிலிண்டர் வாங்கிவிட்டு வியாபாரம் படுத்துவிட்டது என்று வருந்துகிறோம். அது நட்டமல்ல, எடுப்பு. இரண்டுக்கும் வேறுபாடு எழுதினால்தான் தெரியும். தவிரவும், பிறர் வீட்டுச் சுவரிலே எழுதிய கணக்கு நம் கணக்காகாது. 1995-இல் அமெரிக்காவிலே தொடங்கி உலகெங்கும் பழைய பொருள் ஏலத்துக்குப் பெயர் பெற்ற ஈபே நிறுவனம், 2004-இல் பாஸி என்ற இந்தியத் தளத்தை வாங்கி நம் நாட்டிலும் கால்பதித்தது. 2018 ஆகஸ்டில் அந்த இந்தியத் தளம் மூடப்பட்டது. ஆண்டுக்கணக்காக அதிலே விற்றுவந்தவர்களிலே தனியாக எழுதிவைத்தவர்களுக்கே தங்கள் பழைய வரலாறு மிஞ்சியிருக்கும். கணினியிலே கட்டம் போட்டு எழுதினாலும் சரி, நோட்டிலே கோடு கிழித்து எழுதினாலும் சரி. அது நம்முடையதாக இருக்க வேண்டும். அவ்வளவே.

இது புதிய அறிவுரையுமல்ல. வரவு ஒன்றுக்குப் பற்று ஒன்று என்னும் இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் விரிவாக அச்சிலே விளக்கியவர் யார் தெரியுமா? அசிசி பிரான்சிஸ் சபையைச் சேர்ந்த துறவி லூக்கா பாச்சோலி. 1494-இல் வெனிஸ் நகரிலே அவருடைய பெரிய கணித நூல் வெளிவந்தது. வணிகர் முதலிலே தம்மிடம் உள்ள பொருள் எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுத வேண்டும் என்றும், பிறகு நடந்ததை நடந்தபடி எழுதும் நினைவேடு, அதிலிருந்து நாளேடு, அதிலிருந்து பேரேடு என மூன்று ஏடுகள் வைக்க வேண்டும் என்றும் அத்துறவி சொன்னார். வறுமை விரதம் எடுத்தவர் வணிகருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது வியப்பாகத் தோன்றலாம். எனக்கு வியப்பில்லை. கணக்கு, பணக்காரர் ஆவதற்கு மட்டும் உரிய கலையன்று.

தமிழ்நாட்டிலும் கணக்கிலே பெயர் பெற்றவர்கள் உண்டு. செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்து வட்டித் தொழில் நடத்திய நாளிலே, கடல் கடந்த கடையின் ஐந்தொகையை ஊரிலே இருந்தபடி பார்த்து ஆளை நிறுத்தவும் மாற்றவும் வல்லவர்களாக இருந்தார்கள். அந்தச் செல்வத்திலே பர்மா தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் ஸ்வீடன் நாட்டு எனாமல் பாத்திரமும் ஜப்பான் பீங்கானும் அவர்கள் வீடுகளை நிறைத்தன. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது பலருடைய சொத்து அங்கேயே நின்றுபோயிற்று. பின்னர் வீடுகள் பாகம் பிரிந்தன, சில இடிந்தன, தூணும் கதவும் பாத்திரமும் விலையாயின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலே இன்று வரிசையாகப் பழம்பொருள் கடைகள் இருப்பது அதனாலேதான். தமிழ்நாட்டிலே பழைய பொருள் வியாபாரத்தை நேரிலே பார்க்க விரும்பினால் அந்தத் தெருவுக்குத்தான் போக வேண்டும்.

நான் ஒருமுறை போயிருந்தேன். சக்கரைத் தண்ணீர் கலக்கும் அண்டாவிலிருந்து குழந்தை நடைபழகும் வண்டி வரை இருக்கிறது. விலை கேட்டால் சொல்வார்கள். யார் வீட்டுப் பொருள் என்று கேட்டால் பெரும்பாலும் “செட்டிநாட்டு வீட்டு சாமான்மா” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒற்றைப் பைசாவுக்கும் ஐந்தொகை எழுதிய குடும்பங்களின் அண்டா, பெயரில்லாமல் தெருவோரத்திலே கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்து எனக்கு மனம் என்னவோ போலாயிற்று. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. நாம் எல்லாருமே முதற் பத்தியை அப்படித்தான் விட்டுவிடுகிறோம்.

முதற் பத்தி என்று நான் சொல்வது ‘யாரிடமிருந்து, என்ன விலைக்கு’ என்னும் பத்தியை. இதை எழுதாமல் விடுவது அறியாமை மட்டுமன்று. சில வேளை ஆபத்துமாகும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், கைவினைப்பொருள் முதலியவையும், 75 ஆண்டுக்கு மேற்பட்ட மதிப்புமிக்க சுவடிகளும் தொல்பொருள் எனப்படும். அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. நம் பக்கத்துக் கல்லிடைக்குறிச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982-இல் திருடு போன நடராசர் சிலையை, ஆஸ்திரேலியாவிலே அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடம் 2001-இல் விலை கொடுத்து வாங்கியது. 2019-இல் அச்சிலை ஊர் திரும்பியது. அறிஞர் நிறைந்த கலைக்கூடமே, எங்கிருந்து வந்தது என்ற பத்தியைச் சரியாகப் பார்க்காமல் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. பழைய வீட்டிலே கிடைத்தது என்று எவராவது ஒரு சிறு விக்கிரகத்தையோ ஏட்டுக்கட்டையோ நம் பெண்களிடம் நீட்டினால், கை நீட்டி வாங்கு முன்னர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வரிச் சட்டமும் அதே பத்தியைத்தான் கேட்கிறது. 2017 ஜூலையிலே நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியிலே பழைய பொருளுக்கென்று ஒரு விதி இருக்கிறது. பதிவு பெற்ற வியாபாரி, பழைய பொருளை வாங்கியபோது உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்காதிருந்தால், விற்ற விலை முழுவதற்கும் வரி கட்ட வேண்டியதில்லை. விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வேறுபாட்டுக்குக் கட்டினால் போதும். ஒரு பொருளிலே நட்டமானால் அதற்கு வரியில்லை. வாங்கிய விலையை எழுதாதவள் இந்தச் சலுகையை எப்படிக் கேட்பாள்? சிறு வியாபாரத்துக்குப் பதிவு தேவையில்லையே என்பீர்கள். மாநிலத்துக்குள்ளே விற்கும் வரை அது பெரும்பாலும் சரி. வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்பவர் தொகை சிறிதாயினும் பதிவு செய்ய வேண்டும் என்பது பொது விதி. அதற்குச் சில விலக்குகளும் உண்டு. பெங்களூருக்குப் பார்சல் கட்டு முன்னர் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் சட்டத்துக்காக மட்டும் நான் அந்தப் பத்தியை வலியுறுத்தவில்லை. அன்று மாலை நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது.

ஒவ்வொரு பொருளாக எழுதிக்கொண்டே வந்தோம். ஓர் உருளி வந்தது. விற்ற விலை 4,200. அவள் விற்றவற்றிலே அதுதான் பெரிது. செலவு 630. “வாங்கினது?” என்றேன். “1,600.” மீதி 1,970, மூன்று மாத இலாபத்திலே கிட்டத்தட்டப் பாதி அந்த ஒன்றிலேயே வந்திருக்கிறது. “யாரிடம்?” என்று கேட்டேன். பதில் இல்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, “எங்க தெரு ஆச்சிகிட்ட, டீச்சர்” என்றாள்.

தனியாக இருக்கும் மூதாட்டி. கண் மருந்துக்குப் பணம் வேண்டியிருந்ததாம். நாலு கிலோ உருளியைப் பழைய பாத்திரக்காரர் கிலோவுக்கு நானூறு ரூபாய்க்குக் கேட்டிருக்கிறார். அந்த விலையையே இவளும் கொடுத்து வாங்கியிருக்கிறாள். ஏமாற்றினாள் என்று எவரும் சொல்ல முடியாது. பாத்திரக்காரரிடம் போயிருந்தாலும் ஆச்சிக்கு அதேதான் கிடைத்திருக்கும். தேய்த்தது இவள், படம் பிடித்தது இவள், கோயம்புத்தூருக்கு அனுப்பியது இவள். இவ்வளவும் உண்மையே. எனினும், அந்த வரியை ஆச்சியிடம் காட்ட முடியுமா என்று நான் கேட்டபோது அவளால் முடியும் என்று சொல்ல முடியவில்லை.

வியாபாரம் என்றால் அப்படித்தான், விலை தெரிந்தவர் தெரியாதவரிடம் வாங்குவதே வியாபாரம் என்று வாதிடுவோர் உண்டு. முன்பின் அறியாத ஏலத்திலே, கடைத்தெருவிலே அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் நம் பெண்கள் வாங்குவது அத்தையிடமும் ஆச்சியிடமும் அடுத்த வீட்டு அக்காவிடமும். அவர்கள் நம் வார்த்தையை நம்பித்தான் பரணைத் திறக்கிறார்கள். அவர்களிடம் ‘எடைக்கு இவ்வளவு; இணையத்திலே போட்டால் இதைவிடக் கூட வரலாம்; வந்தால் இவ்வளவு பங்கு தருகிறேன்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டு வாங்கினால் என்ன குறைந்துவிடும்? இலாபம் கொஞ்சம் குறையும். உண்மைதான். ஆனால் அடுத்த பரணும் திறக்கும். லூக்கா நற்செய்தியின் 19-ஆம் அதிகாரத்திலே வரும் சக்கேயு, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக ஆண்டவரிடம் சொன்னானே, எவரிடம் எவ்வளவு வாங்கினோம் என்று எழுதிவைத்திராவிட்டால் அவன் எப்படித் திருப்பியிருப்பான்? ஆயக்காரன் அல்லவா, முதற் பத்தி அவனிடம் இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

அவள் எனக்கு ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தாள். ஆச்சி வீட்டுக்குப் போய், உருளி நல்ல விலைக்குப் போயிற்று என்று சொல்லி 500 ரூபாய் கொடுத்தாளாம். ஆச்சி பணத்தை எண்ணவில்லை. “எந்த ஊருக்குளா போச்சு?” என்று அதைத்தான் முதலிலே கேட்டிருக்கிறார். இவள் நோட்டைத் திறந்து எண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்: “கோயம்புத்தூருக்கு, ஆச்சி. வாசல்ல தண்ணி ஊத்திப் பூ மெதக்க விட்ருக்காங்களாம். போட்டோ அனுப்பியிருக்காங்க.” படத்தை உற்றுப் பார்த்த ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். “பூவா போட்டு வச்சிருக்காவ? எங்க அம்மை அதுல முப்பது பேருக்குப் பாயாசம் காச்சுவா!”

பிறகு நோட்டைக் கையிலே வாங்கிப் புரட்டிப் பார்த்திருக்கிறார். எழுத்துத் தெரியாது, எண் தெரியும். தம் உருளிக்கு எதிரே 1,600 என்றும் 4,200 என்றும் இருப்பதை விரலாலே தொட்டு வாசித்தாராம். இவளுக்கு உயிரே போய்விட்டதாம். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேலே கையைக் காட்டி, “அதுக்குள்ள வெங்கலக் கரண்டி மச்சுல கெடக்கு. ஏறி எடு. ஆனா வெலய மொதல்ல எழுதிட்டுப் பொறவு எறக்கு” என்றாராம்.